பழைய ரேஸ் சைக்கிள் வீல் வாங்கப் போகிறீர்களா? குமரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் காசு கொடுத்து வாங்கிய முதல் பழைய வீல் ஜோடி பார்க்கப் பளபளவென்று இருந்தது. கறுப்பு ரிம், தட்டைக் கம்பி, ஸ்டிக்கர்கூட உரியவில்லை. பின் வீலில் லேசாக ஒரு கோட்டம், அவ்வளவுதானே, எடுத்துவிடலாம் என்று கோட்டாறு பக்கம் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் நிப்பிளில், அதாவது கம்பியை ரிம்மோடு இறுக்கும் சின்ன நட்டில், சாவியை மாட்டிக் கால் சுற்றுகூடத் திருப்பியிருக்க மாட்டார், 'கிரக்' என்று ஒரு சத்தம். நிப்பிளின் நாலு மூலையும் மழுங்கிப் போய் சாவி சும்மா சுற்றியது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது நிப்பிள் பாதியில் முறிந்து, உள்ளேயிருந்து மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ அவர் மடியில் கொட்டியது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மக்ளே, இது கடக்காத்துல கெடந்த வீலு. கம்பி நிக்குது, நிப்பிளு உப்பாப் போச்சு" என்றார்.

24 கம்பியில் 9 தான் திரும்பின. மீதியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எனக்கும் நண்பர்களுக்குமாக நிறைய வீல் பார்த்தாயிற்று. வாங்கியதைவிட வேண்டாம் என்று திரும்பி வந்ததுதான் அதிகம். கம்பெனிப் பெயரையும் எடையையும் எல்லாரும் கேட்கிறோம். அந்த வீல் எங்கே கிடந்தது, எந்த மழையில் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. நம்ம மாவட்டத்தில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கிளம்பும் முன்: உங்கள் சைக்கிளுக்கு எது பொருந்தும்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் விற்பவருக்குப் போன் போடாதீர்கள். ஆசை வந்த பிறகு அளவு பார்த்தால், பொருந்தாததும் பொருந்துகிற மாதிரியே தெரியும்.

முதலில் விட்டம். இப்போதைய ரேஸ் சைக்கிள்களில் பெரும்பாலும் 700சி. டயரின் பக்கவாட்டில் 25-622 என்கிற மாதிரி ஓர் எண் இருக்கும். 25 டயரின் அகலம், 622 டயர் விளிம்பு ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இந்த 622-தான் முக்கியம். பழைய 27 இஞ்ச் ரேஸ் சைக்கிளில் அது 630. வீட்டில் அப்பா ஓட்டிய பெரிய சைக்கிளின் 28 x 1½ டயரில் 635. எட்டு மில்லி, பதின்மூன்று மில்லி வித்தியாசம்தானே, இழுத்து மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். 650சி என்று சின்ன உருவக்காரர்களுக்கும் டிரையத்லான் சைக்கிள்களுக்கும் வந்த ரிம்கள் 571. போட்டோவில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பிரேக். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கா, டிஸ்க்கா? டிஸ்க் வீலின் ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்கிற பட்டையே இருக்காது. சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ 2018 ஜூலை 1 முதல் ரோடு ரேஸ்களில் டிஸ்க்கை முழுதாக அனுமதித்தது. அதற்கப்புறம் பணக்காரர்கள் எல்லாம் டிஸ்க்குக்குத் தாவ, நல்ல நல்ல ரிம் பிரேக் வீல்கள் பழைய சந்தைக்கு வந்துவிட்டன. உங்களுடையது ரிம் பிரேக் சைக்கிள் என்றால் இது உங்கள் காலம்.

மூன்றாவது, ஹப்பின், அதாவது வீலின் நடுக்குடத்தின், அகலம். பின் வீலில் இரண்டு பக்கமும் ஃப்ரேமைத் தொடும் நட்டுகளின் வெளி முகத்திலிருந்து வெளி முகம் வரை ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். 8 கியரிலிருந்து 11 கியர் வரையிலான ரிம் பிரேக் ரோடு சைக்கிள் என்றால் 130 மி.மீ. பழைய 6, 7 கியர் என்றால் 126. அதற்கும் முந்தைய 5 கியர் 120. எம்டிபி என்கிற மலைச் சைக்கிள்கள், ஆரம்பகால டிஸ்க் சைக்கிள்கள் 135. இப்போதைய டிஸ்க் ரோடு சைக்கிள்களில் குறுக்கே நுழைத்துத் திருகும் 12 மி.மீ. தடிமனான ஆக்சில், அகலம் 142. முன் வீல் பெரும்பாலும் 100. இரும்பு ஃப்ரேமாக இருந்தால் 126-க்குள் 130-ஐக் கொஞ்சம் விரித்து மாட்டலாம், பலர் மாட்டியும் ஓட்டுகிறார்கள். அலுமினியத்திலும் கார்பனிலும் அந்த வேலை கூடாது.

திருவனந்தபுரம் பக்கம் தேடினால் சில நேரம் டிராக் வீல் கண்ணில் படும், காரியவட்டத்தில் வெலோட்ரோம் என்கிற சைக்கிள் பந்தய மைதானம் இருக்கிறதே. மலிவாகவும் கிடைக்கும். 120 அகலம், ஃப்ரீவீல் இல்லாமல் பல்சக்கரம் நேராகத் திருகிக்கொள்ளும் மரை. கியர் சைக்கிளுக்கு அது ஆகாது.

நான்காவதுதான் எல்லாரும் விழும் குழி: பின் ஹப்பில் பல்சக்கரம் உட்காரும் இடம். மரையில் திருகும் பழைய ஃப்ரீவீலா, கேசட் என்கிற பல்சக்கர அடுக்கைச் செருகும் ஃப்ரீஹப்பா? கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு, நடுவில் கழற்றும் டூல் பொருந்தும் காடியைப் பாருங்கள். காடியும் சேர்ந்து சுற்றினால் கேசட், காடி நின்று பற்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். கேசட்டிலும் ஜாதி உண்டு. ஷிமானோ, கம்பாக்னோலோ என்ற இரண்டு கம்பெனிகளுடையதும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஷிமானோவிலேயே கேசட் செருகும் உருளை 8, 9, 10 கியருக்கு ஒரு நீளம், ரோடு 11 கியருக்கு அதைவிட 1.85 மி.மீ. கூடுதல். ஆகவே 11 கியர் ஹப்பில் 1.85 மி.மீ. வளையம் ஒன்றைப் போட்டு 10 கியர் கேசட் மாட்டலாம், ஆனால் 10 கியர் ஹப்பில் சாதாரண 11 கியர் ரோடு கேசட் உட்காராது. ஷிமானோவின் 12 கியர் ரோடு கேசட்டுகள் 11 கியர் ஹப்பில் ஏறும். ஸ்ராம் கம்பெனியின் 12 கியருக்கு எக்ஸ்டிஆர் என்று தனி உருளை. எனக்குத் தெரிந்த ஒருவர் கம்பாக்னோலோ என்று தெரியாமல் அருமையான வீல் ஒன்றை வாங்கி, இன்றும் மாடியில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். சில மாடல்களுக்கு உருளையை மட்டும் மாற்றலாம், ஆனால் அது கிடைக்குமா, என்ன விலை என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

ரிம்மின் ஆழம் எவ்வளவு இருக்கலாம்?

விளிம்பிலிருந்து ஹப்பை நோக்கி 50 மி.மீ. ஆழமான ரிம்மைப் பார்த்தால் யாருக்கும் மனசு அலையும். ஆனால் நீங்கள் ஆரல்வாய்மொழி வழியாக ஓட்டுகிறவரா? முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்! ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறையும்போது ஆழமான முன் ரிம் பாய்மரம் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஹேண்டில் தானாகத் திரும்பும், பக்கத்தில் லாரி வேறு. என் யோசனை, முன்னால் 30 மி.மீ.க்குள் இருக்கட்டும், ஆசைக்கு வேண்டுமானால் பின்னால் ஆழமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜோடியாகத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

கம்பி எண்ணிக்கையும் அப்படித்தான். கம்பெனி வீல்களில் முன்னால் 20, பின்னால் 24 என்பது சாதாரணம். நீங்கள் 85 கிலோவுக்கு மேல் என்றால், அல்லது குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் மழை கழிந்த ரோட்டில் ஓட்டுகிறவர் என்றால், 32 கம்பி போட்டுக் கையால் கட்டிய பழைய வீலைத் தயங்காமல் எடுங்கள். ஒரு கம்பி ஒடிந்தால் 20 கம்பி வீல் அங்கேயே கோணி பிரேக்கில் உரசி நிற்கும், 32 கம்பி வீல் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து விடும்.

போனில் கேட்க வேண்டியவை

விளம்பரத்தில் வீல் சுவரில் சாய்த்து வைத்த ஒரே ஒரு போட்டோதான் இருக்கும். அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அண்ணே என்று மரியாதையாகக் கேட்டு இவற்றை வாங்குங்கள்: பிரேக் பட்டையின் கிட்டத்து போட்டோ, கம்பி ரிம்மில் நுழையும் இடங்களின் போட்டோ (குறிப்பாகப் பின் வீலின் செயின் பக்கம்), ஹப்பில் உள்ள எண், வீலைச் சுற்றிவிட்டு பிரேக் கட்டையின் பக்கத்திலிருந்து எடுத்த பத்து விநாடி வீடியோ. எடுத்துத் தர அலுத்துக்கொள்கிறவரிடம் ஏதோ இருக்கிறது என்று நான் எண்ணிக்கொள்வேன். தவறாகவும் இருக்கலாம், ஆனால் பஸ் காசு மிச்சம்.

அப்புறம் அந்த முக்கியமான கேள்வி: "எந்த ஊர்ல ஓட்டுனீங்க, எங்க வச்சிருந்தீங்க?" குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் வாசலில் தொங்கிக் கிடந்த வீலும், பூதப்பாண்டியில் அறைக்குள் இருந்த வீலும் ஒரே வயதாக இருந்தாலும் ஒன்றல்ல. அலுமினிய நிப்பிள், ஸ்டீல் கம்பி என்று வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிப்பு வேகமாக ஏறும், அலுமினியம்தான் முதலில் போகும். கார்பன் ரிம்மில் அலுமினிய நிப்பிள் என்றால் இன்னும் மோசம். பித்தளை நிப்பிள் போட்ட வீல் சில கிராம் கூடுதல் எடை, நம்ம ஊருக்கு அதுதான் தங்கம்.

மணவாளக்குறிச்சி பக்கத்து மணலையும் மறந்துவிட வேண்டாம். அங்கே இல்மனைட், சிர்கானோடு கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல். மழையில் அந்த மணல் தெறித்துப் பிரேக் கட்டையில் பதிந்தால், ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் ரிம்மை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற கதைதான். நமக்கோ இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி கார்த்திகையும் உண்டு. இரண்டு மழையிலும் ஓட்டியவரின் ரிம் பாதி ஆயுளைக் கடந்திருக்கும்.

பணம் விஷயம்: பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். "நான் ஆர்மியில் இருக்கேன், வீலை பார்சலில் அனுப்பிடுறேன்" என்று உருக்கமாகப் பேசுகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். நீங்கள் எதையாவது விற்கும்போது "காசு அனுப்புறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்றால் அதுவும் ஏமாற்றுதான், பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடவே தேவையில்லை.

நேரில்: கையில் எடுத்து வரவேண்டியது

ஒரு பழைய துணி, ஆறு இஞ்ச் ஸ்டீல் ஸ்கேல், நிப்பிள் சாவி, ஒரு ரூபாய் நாணயம், போன் டார்ச். முடிந்தால் உங்கள் சைக்கிளையே கொண்டுபோங்கள், மாட்டிப் பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. பகல் வெளிச்சத்தில் போக வேண்டும். திருவனந்தபுரத்துக்காரர் என்றால் களியக்காவிளையில் சந்திக்கலாம், இருவருக்கும் பாதி தூரம். ஆனால் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் நின்று பார்க்காமல் ஒரு டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். கீழே சொல்லும் வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. சரிசெய்யவே முடியாதவை முதலில், சில நூறு ரூபாயில் சரியாகிறவை கடைசியில். முதல் இரண்டில் தோற்றால் மீதியைப் பார்க்கத் தேவையில்லை, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

*ஒன்று, பிரேக் பட்டை.* துணியால் துடைத்துவிட்டு ஸ்கேலின் நேர் விளிம்பை, ஹப்பிலிருந்து டயரை நோக்கிய திசையில், பட்டையின் மேல் செங்குத்தாக வைத்து மறுபக்கம் டார்ச் அடியுங்கள். தேயாத ரிம்மில் வெளிச்சம் கசியாது. தேய்ந்த ரிம்மில் நடுவில் பிறை மாதிரி ஓர் ஒளிக்கீற்று தெரியும். என் சொந்த அளவுகோல் இது: அந்த இடைவெளியில் விசிட்டிங் கார்டு நுழைந்தால் விலையைக் குறைத்துப் பேசுவேன், ஏடிஎம் கார்டு நுழைந்தால் எழுந்துவிடுவேன். பல ரிம்களில் தேய்மானக் குறி ஒன்று இருக்கும், பட்டையில் ஒரு சின்னக் குழியோ சுற்றிலும் ஓடும் கோடோ. அது மறைந்திருந்தால் ரிம் முடிந்தது. சிலவற்றில் நேர்மாறு, உள்ளே மறைந்திருந்த குழி தேயத் தேய வெளியே வரும். எந்த வகை என்று மாடல் பெயரைப் போட்டுத் தேடிவிட்டுப் போங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். சுவர் மெலிந்த ரிம் ஒரு நாள் டயரின் காற்றழுத்தம் தாங்காமல் பக்கவாட்டில் பிளந்து போகும், அதுவும் பெரும்பாலும் வேகமாகப் பிரேக் பிடிக்கும் நேரத்தில்.

பட்டையில் விரல் நகத்தை வைத்து ஒரு சுற்று மெதுவாக ஓட்டுங்கள். குழியில் இடித்த ரிம்மில் விளிம்பு ஓரிடத்தில் வெளியே உப்பியிருக்கும், நகம் தட்டும். பிரேக் பிடித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக் டக்' என்று இழுப்பது இதனால்தான். ரிம் இணைப்பில் மெல்லிய கோடு தட்டினால் பயப்பட வேண்டாம், அது சாதாரணம்.

*இரண்டு, விரிசல்.* கம்பி ரிம்மில் நுழையும் ஒவ்வொரு துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பின் வீலின் செயின் பக்கம்தான் இழுப்பு அதிகம், அதனால் விரிசலும் அங்கேதான் முதலில். துளையிலிருந்து முடி மாதிரி ஒரு கோடு கிளம்பினால், சுற்றிலும் ரிம் வெளிப்பக்கம் கொப்பளித்திருந்தால், வேண்டாம். பெயின்ட் கீறலா விரிசலா என்று சந்தேகம் வந்தால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஹப்பிலும் கம்பி கோத்திருக்கும் காதுகளில் இதே சோதனை.

கார்பன் ரிம் என்றால் நாணயத்தை எடுங்கள். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு தட்டு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி 'டிக் டிக்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும், ஓரிடத்தில் மட்டும் தேங்காய் முற்றாத மாதிரி மந்தமாக 'டொக்' என்றால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். கார்பன் பிரேக் பட்டைக்குச் சூடுதான் எமன். பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கியவரின் வீலாக இருந்தால் பட்டையில் கொப்புளம், நிறமாற்றம், விளிம்பு பிதுங்கல் தெரியும். பழைய ரிம் பிரேக் கார்பனை, அதுவும் பெயர் தெரியாத கம்பெனியுடையதை, நான் வாங்குவதில்லை. சிலருக்கு அதிர்ஷ்டம் இருக்கலாம், எனக்குப் பல் முக்கியம்.

*மூன்று, நிப்பிள்.* கோட்டாற்றில் நான் படித்த பாடம். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, நாலைந்து நிப்பிளைச் சாவியால் கால் சுற்று திருப்பி மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள். லேசாகக் கத்திக்கொண்டு திரும்பினால் சரி. திரும்பவே மறுத்தால், அல்லது நிப்பிளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால், இந்த வீலில் இனி கோட்டம் எடுக்க முடியாது என்று பொருள். ஒரு கம்பி ஒடிந்தாலும் மாற்ற முடியாது. திருப்பிப் பார்க்க விடமாட்டேன் என்று அவர் சொன்னால், அதிலேயே பதில் இருக்கிறது.

*நான்கு, கம்பி இழுப்பு.* பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அமுக்குங்கள். பிறகு வீணைத் தந்தி மாதிரி சுண்டிக் கேளுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுதியில் இருக்க வேண்டும். பின் வீலில் செயின் பக்கம் சுதி உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருப்பது இயல்பு. ஒரு கம்பி தொளதொளவென்று, பக்கத்துக் கம்பி கிண்ணென்று இருந்தும் வீல் நேராகச் சுற்றுகிறது என்றால், வளைந்த ரிம்மைக் கம்பியால் இழுத்துக் கட்டி நேராக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். அதற்கு நேர்மாறாக, எல்லாக் கம்பியும் ஒரே சுதியில் இருந்து லேசான கோட்டம் இருக்கிற வீல் நல்ல வீல்! பார்க்கிறவர்கள் ஒதுக்கிவிட்டுப் போவதால் விலையும் குறையும்.

கம்பி வகையையும் பாருங்கள். ஹப் பக்கம் தலை வளைந்த சாதாரணக் கம்பி என்றால் அளவு சொல்லி வரவழைத்துவிடலாம். மாவிக் கம்பெனியின் கிசிரியம் வீல் மாதிரி அந்தக் கம்பெனிக்கே உரிய தடித்த அலுமினியக் கம்பி என்றால், ஒன்று போனாலும் அதே கம்பியைத் தேடி அலைய வேண்டும். பெரிய சைக்கிளுக்கு விற்கும் கம்பியின் நீளம் வேறு, அதை வெட்டி மாட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

*ஐந்து, ஹப்.* ஆக்சிலை இரண்டு கையின் விரல் நுனியால் பிடித்து மெதுவாக உருட்டுங்கள். வெண்ணெய் மாதிரி ஓடினால் நல்லது. கொஞ்சம் கரகரத்தால் கிரீஸ் காய்ந்திருக்கலாம். ஆனால் ஓரிடத்தில் வந்து 'கட்' என்று உட்கார்ந்து, தள்ளினால் அடுத்த பள்ளத்தில் போய் உட்காருகிற மாதிரி இருந்தால் பால்ரஸ் உருளும் பாதைகளான கோனிலோ கப்பிலோ குழி விழுந்திருக்கிறது. ஷிமானோ ஹப்கள் பெரும்பாலும் கோன், கப், பால்ரஸ் வகை. கோனும் பால்ரஸும் மாற்றலாம். கப் குழிந்தால் ஹப்பே போச்சு. பேரிங் போட்ட ஹப் என்றால் நிம்மதி, பேரிங்கின் ரப்பர் மூடியில் 608, 6001, 6902 என்று எண் இருக்கும், அதைச் சொல்லிக் கேட்டால் நாகர்கோவிலில் மோட்டாருக்கும் பம்ப் செட்டுக்கும் பேரிங் விற்கும் கடையிலேயே 608-ம் 6001-ம் எளுப்பமாகக் கிடைத்துவிடும், 6902 மாதிரி மெலிந்த வகை என்றால் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும்.

கேசட்டைக் கழற்ற அனுமதித்தால் உருளையைப் பாருங்கள். அலுமினிய உருளையில் பல்சக்கரங்கள் கடித்த வெட்டுகள் இருக்கும். சின்ன வெட்டு என்றால் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் சரி. ஆழமாகக் கடித்திருந்தால் விலையில் கழியுங்கள். உருளையைப் பின்பக்கம் சுற்றும்போது 'டிக் டிக்' என்று சீராக ஒலிக்க வேண்டும், இடையில் வழுக்கக் கூடாது.

*ஆறு, கோட்டமும் நடுவும்.* சைக்கிளில் மாட்டிப் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டே சுற்றுங்கள். பக்கவாட்டில் ஒரு மில்லிக்குள் ஆடினால் கவலையில்லை. மேலும் கீழுமாகக் குதித்தால் அது வேறு, கம்பியால் முழுதாகச் சரியாவது கஷ்டம். பிறகு வீலைக் கழற்றி இடவலம் மாற்றி மாட்டுங்கள். இரண்டு முறையும் ரிம் ஒரே இடத்தில் நின்றால் நடு சரியாக இருக்கிறது.

டயர் உட்காரும் இடம்

விளிம்பில் கொக்கி இல்லாமல், மேற்புறம் பிறை மாதிரி குழிந்திருந்தால் அது டியூபுலர் ரிம். டயரைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். "ஒரிஜினல் ரேஸ் வீலு" என்று பெருமையாகச் சொல்லி விற்பார்கள், உண்மைதான், ஆனால் பஞ்சர் ஆனால் திங்கள்நகர் ரோட்டோரத்தில் என்ன செய்வீர்கள்? எடை குறைவு, விலை மலிவு என்று ஆசைப்பட வேண்டாம். டியூப்லெஸ்ஸில் கொக்கியில்லாத ரிம் ஒன்று வருகிறது, அதற்கு அதிகபட்சம் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ, பொருத்தமான டயர் பட்டியலும் தனி. அதில் பழைய பழக்கத்தில் 100 அடித்தால் டயர் கழன்றுவிடலாம்.

உள் அகலத்தையும் கேளுங்கள். பழைய ரிம்கள் 13, 15 மி.மீ., 23, 25 டயருக்கு ஏற்றவை. 28 போட ஆசை என்றால் 17, 19 தேடுங்கள். வால்வுத் துளை பெரும்பாலும் 6.5 மி.மீ., ஒல்லி வால்வுக்கானது. யாராவது சாதா டியூப் போடுவதற்காக டிரில் போட்டுத் துளையைப் பெரிதாக்கி வைத்திருந்தால் அது தெரியும், நான் எடுக்க மாட்டேன். ஆழமான ரிம் என்றால் நீள வால்வு டியூபுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டிஸ்க் வீலா? ரோட்டர் என்கிற பிரேக் தட்டைப் பூட்டும் முறை ஆறு போல்ட்டா, நடுவில் ஒரே வளையமா என்று பாருங்கள். ரோட்டரோடு தருகிறார் என்றால் தடிமன் 1.5 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் அது பழைய இரும்பு விலைதான்.

விலை பேசுவது

இதே வீல், அல்லது இதற்குச் சமமானது, இன்று புதிதாக என்ன விலை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஷிமானோவின் ஆரம்ப நிலை வீல்கள் புதிதாகவே அவ்வளவு விலை இல்லை, அவற்றைப் பழையதாக முக்கால் விலைக்கு வாங்குவது முட்டாள்தனம். எந்தக் குறையும் இல்லாத வீலுக்கு நான் புது விலையில் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்குவேன். அதிலிருந்து பேரிங், ரிம் டேப், கோட்டக்கூலி, இல்லாத குயிக் ரிலீஸ் கம்பி என்று ஒவ்வொன்றாகக் கழிப்பேன். டயர், கேசட் எல்லாம் சேர்த்துத் தருகிறேன் என்பார்கள், அவை தேய்ந்திருந்தால் அவற்றுக்கு விலை பூஜ்யம்தான். குறையைக் காட்டித்தான் விலையைக் குறைக்க வேண்டும், வீலைக் கேவலமாகப் பேசி அல்ல. "அண்ணே, வீல் கொள்ளாம். ஆனா பின் பேரிங் மாத்தணும், பட்டையும் பாதி போயிருக்கு, நீங்களே பாருங்க" என்று ஸ்கேலை அவர் கையில் கொடுத்தால் முக்கால்வாசிப் பேர் இறங்கி வருவார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்தானே அவரும்.

பார்சலில் வரவழைக்க வேண்டி வந்தால், ஆக்சில் முனைகளில் அட்டையோ மூடியோ போட்டு, இரண்டு வீலுக்கும் நடுவில் தெர்மகோல் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். வெறும் கோணிப்பையில் வந்த வீலின் ஆக்சில் பக்கத்து வீலின் கம்பியை வளைத்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும்

பழைய ரிம் டேப்பை உரித்து வீசிவிட்டுப் புதிது ஒட்டுங்கள். ஒட்டும் முன் உள்ளே எட்டிப்பார்த்து, வெள்ளைப் பொடியோ உடைந்த நிப்பிள் தலையோ உருளுகிறதா என்று குலுக்கிக் கேளுங்கள். ஒவ்வொரு நிப்பிளிலும் கம்பி நுழையும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய், பிரேக் பட்டையில் படாமல். கோன் ஹப் என்றால் பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, புதிய பால்ரஸ் போட்டு, புது கிரீஸ் வைத்து மூடுங்கள். பிரேக் கட்டையை ஊசியால் கிளறி, பதிந்திருக்கும் மணலையும் அலுமினியத் துணுக்குகளையும் எடுத்துவிடுங்கள். புது வீலில் பழைய மணலை ஏற்றுவானேன்! கார்பன் ரிம்முக்குக் கட்டையே வேறு, அலுமினியத்தில் ஓடிய கட்டையை அதில் போடக் கூடாது.

சங்குத்துறை, சொத்தவிளை என்று கடற்கரைப் பக்கம் போய்வந்த நாளில் ஒரு வாளி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவித் துடைத்தால் போதும். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் குழாயை ஹப்புக்கு நேராகக் காட்டினால் கிரீஸ் வெளியே போய்த் தண்ணீர் உள்ளே போகும்.

கடைசியாக முதல் ஓட்டம். தூரப் பயணம் வேண்டாம். நான் விடியற்காலை வண்டி குறைவாக இருக்கும்போது பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறி இறங்குவேன். ஏறும்போது எழுந்து நின்று மிதித்து, கம்பியில் 'டிங்' சத்தம் வருகிறதா, ரிம் பிரேக்கில் உரசுகிறதா என்று கேட்பேன். இறங்கும்போது முன், பின் பிரேக்கைத் தனித்தனியாகப் பிடித்துப் பார்ப்பேன். புதிதாகக் கோட்டம் எடுத்த வீல் முதல் சில நிமிடம் டிங் டிங் என்று ஒலிப்பது கம்பி முறுக்கு விடுவதுதான், நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் திரும்பி வந்து மறுபடி கம்பியைச் சுண்டிப் பார்ப்பேன். 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை.

அந்த உப்பு வீல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஹப் நன்றாக இருந்தது. அண்ணாச்சி கம்பியை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஹப்பில் 24 துளையுள்ள வேறொரு ரிம்மும் பித்தளை நிப்பிளும் போட்டுக் கட்டிக் கொடுத்தார். மொத்தச் செலவைக் கூட்டினால் புது வீலே வாங்கியிருக்கலாம். மழைக்காலத்தில் இப்போதும் அதைத்தான் மாட்டி ஓட்டுகிறேன்.